தண்டனைப் பெட்டிக்குள் கேட்ட சொல்

தம்பிமாரே, தங்கச்சிமாரே,

போன மாதம் ஐஸ் ஹொக்கி அலுவலர்களுக்கான உங்கள் பயிற்சி வகுப்பில் பேச என்னை அழைத்திருந்தார்கள். பேசி முடித்ததும் நகரின் கிழக்கு ஓரத்து ரூஜ் பக்கமிருந்து வந்த ஒரு பிள்ளை கையை உயர்த்தினாள்.

"அங்கிள், ரூல் புக்கில ஒரு வசனம் இருக்கு. பெட்டிக்குள்ள இருக்கிற ஒஃபிஷல் காதால கேட்டதையும் றெஃபறி கணக்கில எடுக்கலாம் எண்டு. இட்ஸ் கைண்ட் ஒஃப் ஒப்வியஸ், இல்லையா? அதை ஏன் தனியா எழுதி வைச்சிருக்கினம்?"

எனக்கு முகம் சூடாகிவிட்டது. பிள்ளைமேல் கோபமில்லை. அவள் கேட்டது சரிதான். காது உள்ளவன் கேட்டதைச் சொல்லலாம் என்பதற்கு ஒரு விதி எதற்கு? ஆனால் அந்த ஒரு வசனத்தை உள்ளே நுழைக்க நாங்கள் பட்ட பாட்டை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வரும். வகுப்பில் நேரமில்லை. இரண்டு வரியில் ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டு இறங்கினேன். பிக்கரிங்கில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தும் ஆறவில்லை. அதனால் உங்களில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு நீங்கள் சொல்லுங்கள்.

நான் கல்லூரி ஐஸ் ஹொக்கியில் சறுக்கியவன் அல்ல, விசில் ஊதியவனும் அல்ல. நகரின் பார்க்டேல் பகுதியில் அகதியாக வந்திறங்கி, ஒரு கல்லூரி விளையாட்டரங்கில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்தவன். ஒரு நாள் ஆள் வரவில்லை என்று தண்டனைப் பெட்டியின் கதவருகே என்னை உட்காரவைத்தார்கள். தவறு செய்த விளையாட்டு வீரன் அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு நிமிடமோ ஐந்து நிமிடமோ இருக்கவேண்டும். நேரம் முடிந்ததும் கதவைத் திறந்து அவனை ஐஸுக்கு விடவேண்டும். இதுதான் வேலை. ஆட்டம் பிடித்துப்போனது. பரீட்சை எழுதி முறைப்படி அலுவலரானேன். ஓய்வு பெறும்வரை அந்தக் கதவை விடவில்லை. கோச்மார் எங்களுக்கு வைத்த பெயர் "கதவுக்காரன்". உங்களையும் அப்படித்தான் சொல்லுவார்கள். பழகிக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். எனக்கு அது கடைசிவரை பழகவில்லை.

பெரிய கதைக்கு முன்னால் ஒரு சின்னக் கதை.

தலையில் அடிபட்டவனை உடனே வெளியே எடுக்கவேண்டும் என்று இப்போது பக்கம் பக்கமாக விதி இருக்கிறது. அப்போது ஒன்றும் இல்லை. ஒருமுறை ஒரு பொடியன் ஐஸைச் சுற்றியிருக்கும் பலகையில் மோதி விழுந்து, எழுந்து, அந்தக் கோபத்தில் ஒருவனைத் தள்ளித் தண்டனை வாங்கிக்கொண்டு என்னிடம் வந்தான். உட்கார்ந்ததும், "இது எத்தனையாவது பாகம்?" என்று கேட்டான். மூன்றாவது என்றேன். தண்ணீர் குடித்தான். "இது எத்தனையாவது பாகம்?" என்றான் மறுபடியும். அவன் கண் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது, ஆனால் பார்வை என்மேல் நிலைக்கவில்லை.

நேரம் முடிந்தது. அவனுடைய அணிக்கு ஆள் தேவை. கோச் எதிர்ப் பக்கத்திலிருந்து "திற! திற!" என்று கத்துகிறார். நான் தாழ்ப்பாளில் கையை வைத்துக்கொண்டு, அணியின் மருத்துவ உதவியாளரை வரச்சொல்லிக் கண்ணாடியில் தட்டினேன். அவர் ஓடிவருவதற்குள் மற்ற அணி கோல் போட்டுவிட்டது. பொடியனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மூளை அதிர்ந்திருந்தது. தப்பிவிட்டான்.

அதற்காக எனக்கு நன்றி சொன்னார்களா? எங்கள் அலுவலர்களின் மேற்பார்வையாளர் கூப்பிட்டார். "நீ டொக்டர் இல்லை. நேரம் முடிந்தால் கதவைத் திறப்பதுதான் உன் வேலை" என்றார். பொடியன் செத்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று கேட்டேன். "அது வேறு விஷயம்" என்றார். எப்படி வேறு விஷயம் ஆகும் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. உங்களுக்கு நான் சொல்லுவது இதுதான்: விதி வந்து சேரும்வரை பொடியனின் தலை காத்துக்கொண்டிருக்காது. தாழ்ப்பாள் உங்கள் கையில் இருக்கிறது. கண்ணால் பாருங்கள்.

இனி அந்த வசனத்தின் கதைக்கு வருகிறேன்.

இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு. வன்னியில் போர் கடைசிக் கட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. உங்களில் பலர் அப்போது தள்ளுவண்டியில் இருந்திருப்பீர்கள். போரை நிறுத்தச் சொல்லி யூனிவர்சிட்டி அவெனியூவில் நடந்த ஊர்வலத்தில் அம்மா அப்பாவோடு பனிக்குள் நின்றதாக வீட்டில் படம் இருக்கும்.

என் மனைவி சறோவின் அண்ணன் குடும்பத்தோடு உள்ளே அகப்பட்டிருந்தார். எப்போதாவது ஒரு அழைப்பு வரும். சில நிமிடம் பேசுவார், பிறகு கட்டாகிவிடும். மாசி மாதம் வந்த அழைப்பில், தாங்கள் ஒதுங்கியிருந்த ஆஸ்பத்திரிமேல் ஷெல் விழுந்ததென்று சொன்னார். பின்னால் ஆட்கள் அழும் சத்தம் கேட்டதாம். சறோ அதை ஊர்வலத்தில் ஒரு தொலைக்காட்சிப் பெண்ணிடம் சொல்லியிருக்கிறாள். அந்தப் பெண் மைக்கை நீட்டியபடி, "இதைச் சுயாதீனமாக உறுதிப்படுத்த முடியுமா?" என்று கேட்டிருக்கிறாள்.

சறோ வீட்டுக்கு வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

"என்ர அண்ணன் என்ர காதுக்குள்ள சொன்னதை நான் ஆரைக் கொண்டு உறுதிப்படுத்துறது? சொல்லுங்கோ பாப்பம்."

அவளுடைய கோட்டை வாங்கி மாட்டினேன். அவ்வளவுதான் செய்ய முடிந்தது.

அந்த வாரமே எங்கள் அரங்கில் ஒரு ஆட்டம். அடுத்த சுற்றுக்கு எந்த அணி போகும் என்பதைத் தீர்மானிக்கும் ஆட்டம். நான் விருந்தாளி அணியின் பெட்டியில் இருந்தேன். அந்த அணியில் குவாமே என்று ஒரு தடுப்பாட்டக்காரன். பெற்றோர் கானாவிலிருந்து வந்தவர்கள். கடைசி வருட மாணவன். பலதடவை என் பெட்டிக்கு வந்து போனவன் என்பதால் பழக்கம். என்னை "அங்கிள்" என்றுதான் கூப்பிடுவான். அவர்களும் எங்களைப்போல மூத்தவர்களை அப்படித்தான் அழைப்பார்களாம். அந்தக் குளிர்காலத்தில் என் முகத்தைப் பார்த்து "என்ன நடந்தது?" என்று அவனாகவே கேட்டு, சறோவின் அண்ணனைப் பற்றித் தெரிந்துவைத்திருந்தான்.

இரண்டாம் பாகத்தில் குவாமே ஒருவனைத் தடியால் இடறிவிட்டு என்னிடம் வந்தான். அதே விசிலில் எதிரணியான உள்ளூர்க் கல்லூரியின் தலைவனும் தண்டனை வாங்கித் தன் பெட்டிக்குப் போனான். இரண்டு பெட்டிக்கும் நடுவில் ஸ்கோர் மேசை. அதில் மார்லீன் என்ற பெண்மணி. அதே உள்ளூர்க் கல்லூரியின் அலுவலகத்தில் வேலை செய்பவர், பல வருடமாக ஸ்கோர் எழுதுபவர். மேசைக்குப் பின்னால், இரண்டு பெட்டிக்கும் பொதுவாக ஒரு இடைவெளி இருந்தது.

அந்தத் தலைவன் எழுந்தான். மார்லீனுடைய கதிரைக்குப் பின்னால் குனிந்து, அந்த இடைவெளியில் முகத்தை வைத்து, குவாமேயைப் பார்த்து ஒரு சொல் சொன்னான். கறுப்பினத்தவர்களை மனிதராக மதிக்காதவர்கள் சொல்லும் சொல். அதை நான் இங்கே எழுதமாட்டேன். பிறகு அவனுடைய தாயைப் பற்றி ஒரு முழு வசனம். சிரித்துக்கொண்டே போய் உட்கார்ந்தான்.

குவாமே அசையவில்லை. என் பக்கம் திரும்பினான்.

"அங்கிள், கேட்டீர்களா?"

"கேட்டேன்."

"அப்படியென்றால் சொல்லுங்கள்."

அடுத்த முறை ஆட்டம் நின்றதும் கண்ணாடியில் தட்டி நடுவரைக் கூப்பிட்டேன். வந்தார். கேட்டதைக் கேட்டபடி சொன்னேன். அவர் மூச்சுவாங்கியபடி என்னைப் பார்த்தார்.

"நான் கேட்கவில்லையே. விதி தெரியும்தானே?"

தெரியும். எங்கள் லீக்கின் விதி அப்படித்தான் இருந்தது. ஒருவன் இன்னொருவனை இனத்தைச் சொல்லித் திட்டினால் அவனை ஆட்டத்திலிருந்தே வெளியேற்றலாம். ஆனால் ஐஸில் நிற்கும் நடுவர் தன் காதால் கேட்டிருக்கவேண்டும். திட்டுகிறவன் நடுவருக்குப் பக்கத்தில் வந்து நின்றா திட்டுவான்? இந்த விதியை எழுதிய புத்திசாலிகள் ஒருநாளும் அந்தப் பெட்டிக்குள் உட்கார்ந்ததில்லை.

நடுவர் கடமைக்காக மார்லீனைக் கேட்டார். மார்லீன் தாளிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"நான் எழுதிக்கொண்டிருந்தேன்."

அவ்வளவுதான். நடுவர் சறுக்கிப் போய்விட்டார். இருவருக்கும் நேரம் முடிந்தது. இரண்டு கதவும் திறந்தன. குவாமே நேராகப் போனான். கையுறையைக் கழற்றி எறிந்தான். அடித்தான். தலைவனுடைய மூக்கு உடைந்து ஐஸில் இரத்தம் விழுந்தது. அதை மட்டும் அரங்கு முழுவதும் பார்த்தது. நடுவரும் பார்த்தார். குவாமே ஆட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டான். விசாரணை முடியும்வரை விளையாடத் தடை.

இடைவேளையில் நடைபாதையில் நின்றேன்.  ஐஸைச் சமப்படுத்தும் வண்டியை ஓட்டுகிற நஸீர் நானா அங்கே இருந்தார். யாழ்ப்பாணத்து முஸ்லிம். என்னைவிட மூத்தவர், அண்ணன் முறையில் நானா என்பேன். தொண்ணூறில் ஆயுதம் தூக்கிய எங்கள் தமிழ் இயக்கம் அவர்களை ஊரைவிட்டுத் துரத்தியபோது, உடுத்த உடுப்போடு வெளியேறியவர். நடந்ததைச் சொன்னேன்.

"எழுதிக் குடுங்க" என்றார்.

"குடுத்தும் என்ன நானா? விதியில இடமில்லை."

"இடமிருக்கோ இல்லையோ, நீங்க எழுதிக் குடுங்க. எங்களை ஊரை விட்டுப் போகச்சொல்லி ஸ்பீக்கரில அறிவிச்சது எங்கட அயலட்டைச் சனத்துக்கும் கேட்டதுதான். நல்ல சனம். ஒருத்தரும் பிறகு அதைப் பற்றி வாய் திறக்கேல்ல. கேட்டவங்க பேசாட்டி, நடந்ததே இல்லை எண்டு போயிரும்."

சொல்லிவிட்டு வண்டியில் ஏறிப் போய்விட்டார். அவர் சொன்ன அயலவர்களில் என் சொந்தக்காரரும் இருந்திருப்பார்கள். நானும் அதைப் பற்றி எங்கும் பேசினவன் இல்லை. அன்றைக்கே எழுதிக் கொடுத்தேன். "தகாத வார்த்தை" என்று எழுதவில்லை. சொன்ன சொல்லை எழுத்துக்கு எழுத்து எழுதினேன். நீங்களும் அப்படியே எழுதுங்கள். நாசூக்காக எழுதினால் அவர்கள் அந்த நாசூக்குக்குள் புகுந்து தப்பிவிடுவார்கள்.

விசாரணைக்கு டவுன்ரவுனில் ஒரு அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். நீள மேசை. லீக்கின் தலைவர், உள்ளூர்க் கல்லூரியின் விளையாட்டுப் பொறுப்பாளர், நடுவர்களின் பிரதிநிதி. குவாமேயிடம் முதலே விசாரித்து அனுப்பிவிட்டார்கள். வெளியே அவன் தாய் மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு வணக்கம் சொன்னார். அவரைப் பற்றிச் சொல்லப்பட்ட வசனம் என் தலைக்குள் இருந்தது. அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. சொன்னவனுக்கு வராத கூச்சம்.

தலைவர் மரியாதையாகத்தான் தொடங்கினார்.

"உங்கள் முதல் மொழி என்ன?"

"தமிழ்."

"அரங்கில் நல்ல சத்தம் இருந்திருக்கும். இசையும் போட்டிருப்பார்கள். நீங்கள் வேறு ஏதாவது சொல்லைப் பிழையாகக் கேட்டிருக்கலாம் அல்லவா?"

"இல்லை."

விளையாட்டுப் பொறுப்பாளர் முன்னால் சாய்ந்து, அந்தச் சொல்லைப்போலவே ஒலிக்கிற இரண்டு மூன்று சொற்களைச் சொன்னார். இதுவாக இருக்கலாமா, அதுவாக இருக்கலாமா என்று கேட்டார். குழந்தைக்கு மிட்டாய் காட்டுவதுபோல ஒவ்வொன்றாக நீட்டினார். நான் இந்த நாட்டுக்கு வந்து கால் நூற்றாண்டு ஆகியிருந்தது. பார்க்டேலில் என்னை நோக்கியே எத்தனை சொல் வீசியிருப்பார்கள். ஆங்கிலத்தில் வேறு எது தெரியாவிட்டாலும் வசைச்சொல் எங்களுக்குத் தெரியும். அதைத்தானே முதலில் கற்றுத்தந்தார்கள்.

"நீங்கள் கேட்டதாகச் சொல்லும் சொல்லைச் சொல்லிக் காட்டுங்கள்" என்றார் தலைவர்.

சொன்னேன். அவன் சொன்ன அதே சத்தத்தில். தாயைப் பற்றிய வசனத்தைச் சொல்ல வாய் திறந்தேன். அப்போதுதான் அந்தத் தாய் வெளியே இருப்பது நினைவுக்கு வந்து குரலைத் தாழ்த்தி, அதையும் முழுதாகச் சொன்னேன். குறிப்பெடுத்துக்கொண்டிருந்த பெண் எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.

"அவ்வளவு சத்தமாகச் சொல்லத் தேவையில்லை" என்றார் பொறுப்பாளர்.

"அவன் சொன்னபோது நீங்கள் யாரும் கதவு சாத்தவில்லையே" என்றேன்.

 தலைவர் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு கேட்டார்:

"இதை வேறு யாராவது உறுதிப்படுத்த முடியுமா?"

தம்பிமாரே, தங்கச்சிமாரே, சப்பாத்தோடு நின்ற சறோதான் என் கண்ணுக்கு முன்னால் வந்தாள். மேசையைப் புரட்டிவிடலாம் போல இருந்தது. புரட்டவில்லை. மேசைமேல் இரண்டு கையையும் ஊன்றி, "நான் கேட்டேன். நான் இங்கே இருக்கிறேன். வேறு என்ன வேண்டும்?" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

முடிவு வந்தது. குவாமேக்கு அந்தப் பருவம் முழுவதும் தடை. எதிரணித் தலைவனுக்கு ஒன்றுமில்லை. மூக்கில் கட்டுப்போட்டுக்கொண்டு இறுதியாட்டம்வரை விளையாடினான். லீக்கின் செய்திப் பக்கத்தில் அவனுடைய மனவுறுதியைப் புகழ்ந்து எழுதினார்கள்.

எனக்கு மேற்பார்வையாளரிடமிருந்து தொலைபேசி வந்தது. குரலில் ஒரே கனிவு.

"உங்கள் நாட்டில் நடப்பதெல்லாம் எங்களுக்குத் தெரியும். உங்களுக்கு மன அழுத்தம் இருக்கும். இந்தப் பருவம் ஓய்வெடுங்கள்."

எவ்வளவு கெட்டித்தனம் பாருங்கள். சறோ தெருவில் நின்று கத்தியபோது எங்கள் நாட்டில் ஏதும் நடப்பதாக இவர்கள் நம்பவில்லை. நான் கேட்டதைத் தள்ளிவைக்கத் தேவைப்பட்டதும் உடனே நம்பிவிட்டார்கள். "எனக்கு அழுத்தம்தான். காதில் கோளாறு இல்லை" என்றேன். அவர் அதற்கும் கனிவாகவே விடைபெற்றார்.

வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை. ஒவ்வொரு வருடமும் வைகாசியில் விதிகளைத் திருத்தும் கூட்டம் நடக்கும். எந்த அலுவலரும் ஒரு திருத்தத்தை முன்வைக்கலாம், ஒருவர் வழிமொழிந்தால் போதும். வழிமொழிய ஆள் தேடி அலைந்தேன். பலர் போனை எடுக்கவே இல்லை. கடைசியில் வேறு கல்லூரியில் கடிகாரம் பார்க்கும் ஒரு கிழவர், முழுவதையும் கேட்காமலே, "போடு என் பெயரை" என்றார்.

போர் முடிந்துவிட்டதென்று அறிவித்த வாரக் கடைசியில்தான் அந்தக் கூட்டம் வந்தது.

சறோ நாட்கணக்காக ஒழுங்காகச் சாப்பிடவில்லை. சித்திரைக்குப் பிறகு அண்ணனிடமிருந்து அழைப்பு இல்லை. காலையில் நான் உடுப்பு மாற்றாமல் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"ஏன் வெளிக்கிடேல்ல?" என்றாள்.

"உம்மை விட்டுட்டு எப்பிடிப் போறது?"

"நீங்கள் இஞ்ச இருந்து என்ன செய்யப்போறியள்? இரண்டு பேருமா இருந்து போனைப் பாக்கிறதோ? போங்கோ. போய் அவங்களுக்குச் சொல்லுங்கோ. ஒரு இடத்திலயாவது ஆராவது கேட்டதைச் சொல்லட்டும்."

போனேன். ஒரு ஹோட்டலின் கூட்ட அறை. அங்கே யாருக்கும் அந்த வாரம் உலகத்தில் எதுவும் முடிந்திருக்கவில்லை. கோப்பியும் டோனட்டும் வைத்திருந்தார்கள். காலை முழுவதும் தலைக்கவசக் கண்ணாடியின் அளவைப் பற்றிச் சண்டை பிடித்தார்கள். பிறகு என் முறை வந்தது. பெட்டியிலோ ஸ்கோர் மேசையிலோ இருக்கும் அலுவலர் கேட்டதை நடுவர் சாட்சியாக எடுக்கலாம். இதுதான் என் திருத்தம்.

நடுவர்களின் பிரதிநிதி எழுந்தார். "இவர்களில் பலர் உள்ளூர்க் கல்லூரியின் ஊழியர்கள். தங்கள் அணி வெல்லவேண்டும் என்று நாளைக்கு எதையாவது கேட்டதாகச் சொன்னால்?"

அதில் நியாயம் இருந்தது. அதனால்தான் இன்றைக்கு நீங்கள் பெயர் எழுதிக் கையெழுத்து வைக்கிறீர்கள். பொய் என்று தெரிந்தால் நிரந்தரமாக வேலை போகும். அன்று நான் சொன்னேன்: "பொய் சொன்னால் பிடியுங்கள், துரத்துங்கள். ஆனால் ஒருவன் பொய் சொல்லலாம் என்று பயந்து எல்லாருடைய காதையும் அடைப்பீர்களா?"

தலைவர் சலிப்போடு சொன்னார்: "நாங்கள் ஒரேயொரு சம்பவத்தைப் பற்றிப் பேசுகிறோம். அதிலும் கேட்டதாகச் சொல்லுபவர் ஒருவர்தான்."

"இரண்டு பேர்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

மார்லீன். அவர் வந்திருந்ததையே நான் கவனிக்கவில்லை. எழுந்து நின்று முன்வரிசைக் கதிரையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் எழுதிக்கொண்டிருந்தேன் என்றுதான் அன்று சொன்னேன். கேட்கவில்லை என்று சொல்லவில்லை. அவன் என் தோளுக்கு மேலால்தான் பேசினான். அவனுடைய மூச்சு என் கழுத்தில் பட்டது. ஒவ்வொரு சொல்லும் கேட்டது. இவர் எழுதிக் கொடுத்தது சரி."

அந்தக் கல்லூரியின் பொறுப்பாளர் திரும்பி அவரைப் பார்த்தார். அவர் மார்லீனுடைய முதலாளி. மார்லீன் அவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தார். அடுத்த பருவத்தில் ஸ்கோர் மேசையில் அவர் இருக்கவில்லை. அதற்கு யாரும் காரணம் சொல்லவுமில்லை.

கை உயர்த்தினார்கள். திருத்தம் மயிரிழையில் தப்பி நிறைவேறியது.

வெளியே நடைபாதையில் மார்லீன் என்னிடம் வந்தார்.

"மன்னித்துக்கொள்ளுங்கள். பயமாக இருந்தது. என் வேலை அங்கே."

"அந்தப் பொடியனுடைய விளையாட்டும் அந்த ஐஸில்தான் இருந்தது" என்றேன்.

அவர் தலையாட்டினார். கண் கலங்கியிருந்தது. பரவாயில்லை என்று நான் சொல்லவில்லை. அவர் மன்னிப்புக் கேட்கவேண்டியது குவாமேயிடம், என்னிடம் அல்ல. ஆனால் கையை நீட்டினேன், அவர் பிடித்துக்கொண்டார். அன்று அந்த அறையில் எழுந்து நிற்க அவருக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டியிருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அதைக் குளிர்காலத்திலேயே செய்திருக்கலாம் என்பதும் தெரியும். இரண்டும் உண்மை.

கார்த் தரிப்பிடத்தில் நின்றபடியே குவாமேயைக் கூப்பிட்டேன். பின்னால் இயந்திரச் சத்தம். ஒரு கிடங்கில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். விதி மாறிவிட்டது, மார்லீன் எழுந்து சொன்னார், எல்லாரும் கேட்டார்கள் என்று மூச்சுவிடாமல் சொன்னேன்.

இயந்திரச் சத்தம் தூரமானது. தள்ளி வந்திருப்பான்.

"அப்படியென்றால் என்னுடைய தடை?" என்றான்.

"அது அப்படியே இருக்கும். புதிய விதி வருகிற பருவத்திலிருந்துதான். பழையதைத் திறக்கமாட்டார்களாம்."

வருகிற பருவத்தில் அவன் மாணவன் இல்லை. அது எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும்.

"நல்ல செய்தி, அங்கிள்" என்றான். "யாரோ ஒருவனுக்கு."

நான் ஏதாவது சொல்லியிருக்கவேண்டும். அவன்தான் மறுபடி பேசினான்.

"உங்கள் மனைவியின் அண்ணன்? ஏதாவது தெரிந்ததா?"

"இன்னும் இல்லை."

"தெரிந்தால் எனக்குச் சொல்லுங்கள்."

ஆடி மாதம் இடம்பெயர்ந்தோர் முகாமிலிருந்து சறோவின் அண்ணியின் அழைப்பு வந்தது. அண்ணியும் பிள்ளையும் உயிரோடு இருந்தார்கள். அண்ணன் இல்லை. நான் குவாமேக்குச் சொன்னேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவனும் தாயும் ஒரு பெரிய சட்டியில் சோறு சமைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து சறோவுக்குப் பக்கத்தில் இருந்தார்கள். சறோ அண்ணனுடைய கடைசி அழைப்பில் கேட்டதையெல்லாம் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னாள். அந்தத் தாய் ஒரு கேள்விகூடக் கேட்காமல் முழுவதையும் கேட்டார்.

குவாமே பிறகு எந்த அணியிலும் விளையாடவில்லை. அந்தத் தலைவன் இப்போது ஒரு கல்லூரியில் கோச். பிள்ளைகளுக்கு ஒழுக்கம் சொல்லிக் கொடுக்கிறானாம். இந்தப் பருவத்தில் அவனுடைய அணி உங்கள் அரங்குகளுக்கும் வரும். அவனுடைய அணிப் பிள்ளைகள் உங்கள் பெட்டிக்குள் வந்து உட்காருவார்கள். அவர்களுக்குத் தண்ணீர் கொடுங்கள், நேரம் முடிந்ததும் மரியாதையாகக் கதவைத் திறந்துவிடுங்கள். ஆனால் ஒரு சொல் காதில் விழுந்தால், ஆட்டம் நின்றதும் கண்ணாடியில் தட்டுங்கள். நடுவர் வரும்வரை தட்டிக்கொண்டே இருங்கள்.